கம்ப்யூட்டர் கேபினெட்டின் சைடு பேனல் உடைந்துவிட்டதா? குறைந்த செலவில் மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, இன்னொரு ரேம் போடலாம் என்று என் கேபினெட்டின் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். டைல்ஸ் தரை. கண்ணாடியின் கீழ் முனை கொஞ்சம் வழுக்கித் தரையில் தட்டியது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பார்த்தால், கண்ணாடி இருந்த இடத்தில் கல்கண்டைக் கொட்டியது போல ஒரு குவியல். அதற்குப் பிறகு எனக்கும், நண்பர்களுக்கும், உறவுக்காரப் பையன்களுக்குமாக ஐந்தாறு பேனல் செய்து மாட்டியாயிற்று. அப்போது அவர்கள் கேட்ட கேள்விகளையும், கடைக்காரர்களிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். விலையெல்லாம் சென்னையில் நான் கொடுத்தது. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

கண்ணாடி இப்போதுதான் உடைந்தது. முதலில் என்ன செய்வது?

காலில் செருப்பு போடுங்கள். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் நாம், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகள், பூனை, நாய் யார் இருந்தாலும் வெளியே அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்துங்கள். அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்துப் பிளக்கை எடுங்கள். ஏதாவது ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டால், வேலையைச் சேமிக்கலாம் என்று காத்திருக்காமல் உடனே அணைத்துவிடுங்கள்.

தரையைப் பூந்துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சில்லுகள் அதன் இழைகளுக்குள் சிக்கிக்கொண்டு, மறுநாள் அடுப்படியைப் பெருக்கும்போது அங்கே உதிரும். பெரிய குவியலை இரண்டு அட்டைகளால் வாரி, தடித்த பெட்டிக்குள் போட்டு, வெளியே "கண்ணாடி" என்று எழுதி ஒட்டுங்கள். குப்பை எடுக்க வருகிறவர் வெறுங்கையால் அழுத்தக்கூடும். மீதியை ஈரமான செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூளுக்குச் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றைத் தரையில் உருட்டினால் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள், விட்டுப்போனது மினுங்கும்.

கேபினெட்டுக்கு உள்ளே? கண்ணாடியில் மின்சாரம் பாயாது, அதனால் ஷார்ட் ஆகாது. ஆனால் ஃபேனை ஓடவிடாமல் தடுக்கும், ரேம் ஸ்லாட்டிலும் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலும் விழுந்து கிடக்கும். அது தெரியாமல் கார்டை அழுத்திச் செருகினால் தங்க முலாம் பூசிய முனைகள் கீறிப்போகும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, திறந்த பக்கம் கீழே வருகிற மாதிரி கேபினெட்டைச் சாய்த்து மெதுவாகத் தட்டுங்கள். புது பெயின்ட் பிரஷ் ஒன்றால் ஸ்லாட்டுகளைத் தள்ளிவிடுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் அதன் பிளாஸ்டிக் முனை மதர்போர்டில் படாமல் ஒரு அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். அந்த முனையில் நிலைமின்சாரம் சேரும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் சில்லு போயிருந்தால் கவிழ்த்துக் குலுக்கலாம், ஆனால் அதன் மூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

லேசாகத்தானே பட்டது, அதற்கே ஏன் தூள் தூளானது?

கேபினெட்டில் வருவது டெம்பர்டு கிளாஸ். கண்ணாடிக் கடையில் "டஃபன் கிளாஸ்" என்பார்கள். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைத்துச் செய்கிறார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்பகுதி மெதுவாகச் சுருங்கும். அதனால் வெளிப்புறம் எப்போதும் அழுத்தத்திலும் உள்ளே எப்போதும் இழுவிசையிலும் இருக்கும். நடுவில் முஷ்டியால் தட்டினால் கூடத் தாங்கும். பலவீனம் ஓரத்தில்தான். அங்கே ஒரு கீறல் உள்பகுதியைத் தொட்டுவிட்டால், அடைத்து வைத்த விசை முழுவதும் ஒரே நொடியில் விடுபடும்.

டைல்ஸ் தரை அதற்கு ஏற்ற எதிரி. மேலே வழவழப்பாகத் தெரிந்தாலும் டைல்ஸ் மிகக் கடினமான பொருள். கண்ணாடி ஓரம் படும்போது மொத்த எடையும் ஊசிமுனை அளவு இடத்தில் இறங்குகிறது. அதனால், இனிமேல் கண்ணாடியைக் கழற்றினால் மெத்தை மேலோ மடித்த போர்வை மேலோ படுக்கப் போடுங்கள். சாய்த்து வைக்கவே வேண்டாம்.

தூளாக உடைவது நல்லதுக்குத்தான். சாதாரணக் கண்ணாடி கத்தி மாதிரி நீள நீளமாக உடையும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி மாற்றும் கேள்வியில் திரும்ப வருவேன்.

பேனல் இல்லாமல் அப்படியே ஓட்டலாமா?

சில நாள் ஓட்டலாம். திறந்து வைத்தால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்பது சரியல்ல. கிராபிக்ஸ் கார்டின் சூடு ஒன்றிரண்டு டிகிரி குறையக்கூடச் செய்யும். பிரச்சினை வேறு. நம் வீடுகளில் தூசி, எறும்பு, கரப்பான், எல்லாவற்றுக்கும் மேலாகப் பல்லி. கதகதப்பான இடம் தேடி எஸ்.எம்.பி.எஸ். பக்கம் போகும் பல்லி தானும் செத்து, போர்டையும் கெடுத்துவிட்டுப் போகும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ஒருநாள் கூட வேண்டாம். ஓடும் ஃபேனில் விரல் போகும்.

பேனல் வரும்வரை ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலையைத் துண்டு வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஐம்பது ரூபாய்க்குள் வேலை முடியும். ஒரு நண்பன் இதையே எட்டு மாதமாக வைத்திருக்கிறான். தூசி கொஞ்சம் கூடுதலாகச் சேருகிறது, மாதம் ஒருமுறை ஊதிவிடுகிறான், வேறு குறை இல்லை.

கேபினெட் கம்பெனியிடம் பேனலை மட்டும் தனியாக வாங்க முடியுமா?

கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசு இல்லை. கோர்சேர், ஃபிராக்டல் டிசைன் போன்ற சில நிறுவனங்கள் சில மாடல்களுக்குத் தனிப் பேனல் விற்கின்றன. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கவரியும் பேனல் விலையையே தாண்டிவிடும். உள்ளூர் வினியோகஸ்தருக்கு மாடல் பெயர், பில், உடைந்த படம் மூன்றையும் வைத்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கைதவறி உடைந்ததற்கு வாரன்டி பொதுவாகக் கிடையாது. புதிதாக வந்த பெட்டியைத் திறக்கும்போதே உடைந்திருந்தால் கதை வேறு. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்திருந்தால் மாற்றித் தரச் சொல்லி உறுதியாகக் கேட்கலாம்.

இன்னொன்றும் பாருங்கள். சில மாடல்கள் ஒரே உடலில் கண்ணாடி, இரும்பு என இரண்டு வகையாக வரும். உங்களுடையது அப்படியென்றால், யாராவது கழற்றிப் போட்ட இரும்பு பேனல் அப்படியே உட்காரும்.

வேறு கேபினெட்டின் பேனலை வாங்கி மாட்டலாமா? எல்லாம் ஏ.டி.எக்ஸ். தானே?

அப்படி நம்பிப் பலர் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் அரை நாள் அலைந்திருக்கிறார்கள், நானும் அலைந்தேன். ஏ.டி.எக்ஸ். என்பது 1995-இல் இன்டெல் வெளியிட்ட அளவுமுறை. மதர்போர்டு 305-க்கு 244 மி.மீ., அதன் துளைகள் எங்கே வரவேண்டும், பின்பக்கம் யு.எஸ்.பி. முதலானவை எட்டிப்பார்க்கும் திறப்பு எவ்வளவு என்பதையெல்லாம் அது சொல்கிறது. அதனால்தான் எந்தக் கம்பெனியின் ஏ.டி.எக்ஸ். போர்டும் எந்த ஏ.டி.எக்ஸ். கேபினெட்டிலும் பொருந்துகிறது. ஆனால் வெளிக்கூடு எவ்வளவு உயரம், பேனல் கொக்கியில் மாட்டுமா, ஸ்க்ரூவில் நிற்குமா, கீல் வைத்துத் திறக்குமா என்பதில் அது தலையிடவே இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் செய்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலில் கூட ஒன்றின் பேனல் இன்னொன்றுக்குப் பொருந்துவது அரிது.

காயலான் கடையில் உங்கள் மாடலே கிடைத்தால் அதிர்ஷ்டம். அதைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். உங்களுக்குத் தேவை "அந்த" பேனல் இல்லை, அந்த அளவுக்கு ஒரு மூடி. மூடியை உங்கள் தெருவிலேயே வெட்டிக்கொள்ளலாம்.

பழைய மாடல், இரண்டு பக்கமும் இரும்பு. ஒன்று மட்டும் வீணாகிவிட்டது. வழி உண்டா?

வலது பக்க பேனலைத் தலைகீழாகத் திருப்பி இடது பக்கம் மாட்டிப் பாருங்கள். சில பழைய கேபினெட்டுகளில் பொருந்திவிடும். வலது பக்கம் வெறும் வயர்கள்தான், அங்கே பெயர்ப் பலகைக் கடையில் கிடைக்கும் ஃபோம் ஷீட் ஒன்று போதும். பொருந்தாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

சரி, எந்தப் பொருளில் செய்வது மலிவு, நல்லது?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில் 3 மி.மீ. அக்ரிலிக். கண்ணாடியின் தோற்றம் கிட்டத்தட்ட வந்துவிடும், கீழே விழுந்தால் தூளாகாது, எடை பாதிக்கும் குறைவு. 45-க்கு 42 செ.மீ. பேனல் 4 மி.மீ. கண்ணாடியில் ஏறக்குறைய 1.9 கிலோ, 3 மி.மீ. அக்ரிலிக்கில் 700 கிராம் கூட வராது. எனக்குச் சதுர அடி 120 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி என்றால் 2.25 சதுர அடி, 270 ரூபாய். வெட்டுகூலியும் துளையும் சேர்த்து 400 ரூபாய்க்குள் என் பேனல் முடிந்தது.

2 மி.மீ. வேண்டாம், நடுவில் தொப்பை விழும். பெரிய கேபினெட் என்றால் 4 மி.மீ. எடுக்கலாம்.

பாலிகார்பனேட் ஷீட்டும் உண்டு. அடித்தாலும் உடையாது, துளை போடுவதும் சுலபம். ஆனால் அக்ரிலிக்கைவிடச் சீக்கிரம் கீறல் விழும், விலையும் கூடுதல். ஓடி விளையாடும் பையன்கள் கேபினெட்டைத் தள்ளிவிடும் வீடு என்றால் அதையே வாங்குங்கள்.

உள்ளே தெரியவே வேண்டாம், மூடினால் போதும் என்பவர்களுக்கு இன்னும் மலிவான வழி இருக்கிறது: கடை முகப்புகளில் ஒட்டுகிறார்களே, அந்த ஏ.சி.பி. ஷீட். முகப்பு வேலை செய்பவர்களிடம் மிச்சத் துண்டுகள் குவிந்து கிடக்கும். நான் ஒரு துண்டை 50 ரூபாய்க்கு வாங்கினேன். 3 மி.மீ. தடிமன், வளையாது, மேட் கறுப்பு நிறத்திலேயே கிடைத்தது. வெளிப்புறத் தகட்டைக் கத்தியால் நாலைந்து முறை கோடு இழுத்து மடக்கினால் நேராக உடையும். உள்ளே பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு. அதனால் வெட்டிய ஓரத்தை அரத்தால் தேய்த்து, டேப் ஒட்டிவிடுங்கள். அலுமினியப் பிசிறு ஒன்று மதர்போர்டில் விழுந்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி சும்மா இருக்காது, ஷார்ட் அடிக்கும். எந்த உலோகமானாலும் வெட்டுவதும் துளைப்பதும் கேபினெட்டை விட்டுத் தள்ளி, வேறு அறையில்.

பெயர்ப் பலகைக் கடையில் கிடைக்கும் ஃபோம் ஷீட்டும் பரவாயில்லை. கார்ட்போர்டு அட்டையை மட்டும் நிரந்தரமாக வைக்காதீர்கள். கரப்பான் முட்டையிடும், மழைக்காலத்தில் ஈரம் இழுத்து வளையும்.

அக்ரிலிக் எங்கே கிடைக்கும்? போய் என்னவென்று கேட்பது?

கம்ப்யூட்டர் கடையில் தேடாதீர்கள். பெயர்ப் பலகை செய்பவர்கள், கேடயம், பரிசுக் கோப்பை செய்பவர்கள், லேசர் கட்டிங் என்று போர்டு போட்டவர்கள், இவர்களிடம்தான் ஷீட் இருக்கும். சின்ன ஊர்களிலும் இப்படி ஒருவராவது இருப்பார். எட்டுக்கு நாலு அடி முழு ஷீட்டாக வாங்கி வைத்து வெட்டி விற்கிறார்கள். நமக்கு வேண்டியது அதில் ஒரு மூலைதான். அதனால் போனதும், "அண்ணே, கிளியர் அக்ரிலிக் மூணு எம்.எம். கட் பீஸ் இருக்கா? ஒன்றரைக்கு ஒன்றரை போதும்" என்று கேளுங்கள். நான் போன கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ஏழெட்டுத் துண்டை இழுத்துப் போட்டு, "பாரு தம்பி, எது சரியா வருதோ எடுத்துக்கோ" என்றார். முழு ஷீட்டில் வெட்டித் தருவதைவிட அது பாதி விலை.

காஸ்ட், எக்ஸ்ட்ரூடட் என்று இரண்டு வகை உண்டு. துளை போடவும் லேசரில் வெட்டவும் காஸ்ட் நல்லது. எக்ஸ்ட்ரூடட் மலிவு, ஆனால் துளைக்கும்போது சூட்டில் பிசுபிசுத்து டிரில் பிட்டில் ஒட்டும். நிறத்தில், லேசான கறுப்பு வேண்டுமானால் "ஸ்மோக்" என்று கேளுங்கள். உள்ளே வண்ண விளக்கு வைத்திருப்பவர்கள் "ஓபல்" என்ற பால் வெள்ளையை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வயர்கள் எதுவும் தெரியாமல் வெளிச்சம் மட்டும் மெல்லப் பரவும். கண்ணாடியில் கூட அந்த அழகு வராது என்பது என் கருத்து.

மேலே ஒட்டிய பாதுகாப்புத் தாளைக் கடைசி ஸ்க்ரூ போடும்வரை உரிக்காதீர்கள்.

அளவு எடுப்பது எப்படி? உடைந்தது தூளாகிவிட்டதே!

இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மீதி எல்லாம் கடைக்காரர் பார்த்துக்கொள்வார், அளவு தப்பினால் யாரும் காப்பாற்ற முடியாது.

சார்ட் பேப்பரை வாங்கி, தையல்காரர் பேப்பர் கட்டிங் வெட்டுவதைப் போல ஒரு மாதிரி செய்யுங்கள். கேபினெட்டைப் படுக்க வைத்து, திறந்த பக்கத்தின் மேல் பேப்பரை விரித்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, ஓரங்களை விரல் நகத்தால் அழுத்தி மடியுங்கள். மடிப்பின் மேல் பென்சில் கோடு. ஸ்க்ரூ வரும் இடங்களில் பென்சிலை லேசாகச் சாய்த்துத் தேய்த்தால் துளையின் வட்டம் தானாகப் பதியும். ஸ்கேல் வைத்து அளந்து குறிப்பதைவிட இது துல்லியம். மலிவுக் கேபினெட்டுகளில் நான்கு துளையும் சரியான செவ்வகத்தில் இருப்பதில்லை, ஒரு மூலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். அளந்து எழுதியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பேப்பரை வெட்டி, கேபினெட்டில் வைத்துப் பாருங்கள். மேல், கீழ், முன், பின், வெளிப்பக்கம் எது என்று எழுதுங்கள். எழுதாமல் கொடுத்த ஒரு மாதிரியைக் கடையில் திருப்பி வைத்து வெட்டி, இடது பேனல் வலது பேனலாகி வந்த அனுபவம் உண்டு. கடைசியாக, நான்கு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் குறைத்துவிடுங்கள். அக்ரிலிக் சூட்டில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு அதிகம் விரியும். 45 செ.மீ. துண்டு 20 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இறுக்கமாக வெட்டினால் கோடையில் வில்லாக வளையும்.

லேசர் கடை என்றால் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து வெட்டுவார்கள். பேப்பரை அவர்களிடம் கொடுத்தால் அவர்களே வரைந்துகொள்வார்கள்.

பேனல் சட்டத்துக்கு உள்ளே உட்காரும் வகையா, வெளியே உட்காரும் வகையா என்றும் பாருங்கள். உள்ளே என்றால், உயரமான பிராசசர் கூலர் தட்டுகிறதா என்று முதலில் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டிலேயே துளை போட்டேன், விரிசல் விட்டுவிட்டது. என்ன தப்பு?

பெரும்பாலும் அவசரம்தான். ஷீட்டுக்கு அடியில் பலகை வைத்து, இரண்டையும் சேர்த்து அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். துளை வரும் இடத்தில் இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள். முதலில் 2 மி.மீ. பிட், அப்புறம் 3.5, அப்புறம் 5. டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள், அழுத்தாதீர்கள். பிட் மறுபக்கம் வெளிவரும் நேரத்தில்தான் முக்கால்வாசி விரிசல் விழுகிறது, அப்போது கையை இன்னும் இலேசாக்க வேண்டும். ஓரத்திலிருந்து குறைந்தது ஒரு செ.மீ. தள்ளியே துளை இருக்கட்டும்.

கேபினெட்டின் கைத்திருகு ஸ்க்ரூ ஏறக்குறைய 3.5 மி.மீ. தடிமன் (கடையில் "சிக்ஸ் தேர்ட்டி டூ" என்பார்கள்). துளையை 5 மி.மீ. போடச் சொல்வது, அக்ரிலிக் விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும் என்பதற்காக. ஸ்க்ரூவுக்குக் கீழே ரப்பர் வாஷர் போட்டு, விரலால் முடுக்கிய அளவோடு நிறுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

என் கேபினெட்டில் ஸ்க்ரூவே இல்லை. கண்ணாடி ஒரு சட்டத்தில் ஒட்டி வந்தது.

சட்டம் தப்பியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பழைய பசையை ஹேர் டிரையரால் இளக்கிச் சுரண்டி எடுத்துவிட்டு, அக்ரிலிக்கை ஃபோம் வகை டபுள் டேப்பால் ஒட்டுங்கள். அந்த ஃபோம், விரிவதற்கும் இடம் கொடுக்கும்.

சட்டமும் போய்விட்டால் காந்தம். கேபினெட்டின் உடல் பெரும்பாலும் இரும்பு, அதனால் பேனலின் உள்பக்க ஓரத்தில் ரப்பர் காந்தப் பட்டை ஒட்டினால் அப்படியே கவ்விக்கொள்ளும். கழற்றவும் சுலபம். பட்டை மட்டும் எடை தாங்காமல் மெல்ல வழுக்கும் என்பதால், கீழ் ஓரத்தில் சின்ன எல் கிளாம்ப் இரண்டைத் தாங்கலாக வையுங்கள். இதில் உள்ள காந்தம் எஸ்.எஸ்.டி.யையோ ஹார்டு டிஸ்க்கையோ ஒன்றும் செய்யாது.

அக்ரிலிக் சூட்டில் உருகிவிடாதா?

அது இளக ஆரம்பிப்பதே சுமார் 100 டிகிரியில். கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று நம் ஊர் மே மாதத்தில் கூட 50 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். கிராபிக்ஸ் கார்டும் பேனலும் தொடாமல் இருந்தால் போதும். எரியக்கூடிய பொருள் என்பது உண்மை, அதனால் கேபினெட்டுக்குப் பக்கத்தில் ஊதுபத்தி, விளக்கு வைக்காதீர்கள்.

எனக்குக் கண்ணாடிதான் வேண்டும். கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் டஃபன் செய்துதான். சாதாரண 4 மி.மீ. கண்ணாடியை வெட்டி மாட்டிவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு மனம் பதறுகிறது. முன்பு சொன்னேனே, அது உடைந்தால் கத்தி. முழங்கால் உயரத்தில், குழந்தைகள் ஓடும் அறையில் அதை வைக்காதீர்கள். முந்நூறு ரூபாய் மிச்சத்துக்கு இது வேண்டாம்.

டஃபன் கண்ணாடியை வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. தொட்டால் முழுவதும் தூள். எனவே அளவும் துளையும் ஓர மழுக்கலும் முதலில், அப்புறம்தான் சூளைக்கு. ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் அந்தக் கண்ணாடி வீண். ஒரே ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்ளப் பல இடங்களில் யோசிப்பார்கள், குறைந்தபட்சத் தொகை ஒன்று சொல்வார்கள். 5 மி.மீ.தான் செய்வோம் என்றால், பேனல் 2.4 கிலோ வரை வரும், பழைய ஸ்க்ரூவின் நீளம் போதுமா என்று பாருங்கள். நான் விசாரித்த இடத்தில் 1,300 ரூபாயும் பத்து நாளும் சொன்னார்கள். அங்கேயே எழுந்து வந்துவிட்டேன்.

பேனல் உடையவில்லை, அக்ரிலிக்கில் விரிசல் மட்டும். ஃபெவிகுவிக் போடலாமா?

வேண்டாம், சுற்றிலும் வெண்படலம் பூத்துவிடும். விரிசல் முடியும் புள்ளியில் 2 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். அதற்கு மேல் ஓடாது. அப்புறம் உள்பக்கம் தெளிவான டேப்.

பழைய கேபினெட்டுகளில் இரும்பு பேனலின் நடுவில் அக்ரிலிக் ஜன்னல் மட்டும் ரிவெட் அடித்து வரும். அதில் ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு ஜன்னலை மட்டும் மாற்றினால் நூறு நூற்றைம்பதில் முடியும்.

இரும்பு பேனல் வளைந்து, கொக்கிகளும் ஒடிந்துவிட்டன.

வளைவை நிமிர்த்தலாம். தரையில் பலகை, அதன் மேல் பேனல், அதன் மேல் துணி, ரப்பர் சுத்தியல். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். ஒடிந்த கொக்கியைப் பற்றவைக்கக் கொண்டு போகாதீர்கள், ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத தகடு ஓட்டை விழுந்துவிடும். மேலே சொன்ன காந்தப் பட்டை இதற்கும் சரியாக வரும்.

புது பேனல் போட்ட பிறகு கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது. பேனலால் வந்ததா?

இல்லை, முன்பும் இருந்திருக்கும், இப்போது இரும்பைத் தொட்டு வேலை செய்ததால் உணர்கிறீர்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் கேபினெட் உடலோடு இணைந்திருக்கும். வீட்டு எர்த் சரியாக இருந்தால் அதன் வழியாகக் கசிவு போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட்டின் உடலில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம், நூற்றுப் பத்து வோல்ட் போல, நிற்கும். கரன்ட் மிகக் குறைவுதான், ஆனாலும் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த பிளக் பாயின்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பாயின்டில் செருகியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

அக்ரிலிக்கை எப்படித் துடைப்பது?

சோப்பு கலந்த தண்ணீர், மெல்லிய பனியன் துணி. கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவமும் ஸ்பிரிட்டும் படக்கூடாது. சிலந்தி வலை மாதிரி நுண்விரிசல் விழும், குறிப்பாகத் துளைகளைச் சுற்றி. காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் தூசியே உப்புத்தாள் மாதிரி கீறிவிடும், நிலைமின்சாரம் ஏறி மறுபடி தூசியை இழுக்கவும் செய்யும். முதலில் ஊதிவிட்டு, ஈரத் துணியால் ஒற்றுங்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் புதுக் கேபினெட்டே வாங்கிவிடலாமே?

இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு நல்ல கேபினெட் வருகிறதுதான். என் கணக்கு இது: பேனல் மட்டும் போயிருந்தால் 500 ரூபாய்க்கு மேல் செலவழிக்காதீர்கள், அதற்குள் அக்ரிலிக்கில் கச்சிதமாக முடியும். பவர் பட்டன் தகராறு, முன்பக்க யு.எஸ்.பி. வேலை செய்யவில்லை, ஃபேன் வைக்க இடமில்லை என்று ஏற்கெனவே இரண்டு குறை இருந்தால் பேனலுக்குக் காசு போடாமல் கேபினெட்டை மாற்றுங்கள். மாற்றுவது என்றால் மதர்போர்டு முதல் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்ட வேண்டும், பழக்கமில்லாதவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும், கடையில் கொடுத்தால் தனிக் கூலி. அப்படி வாங்கினால் முன்பக்கம் வலை வைத்த, பக்கம் இரும்பு வைத்த மாடல் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது கண்ணாடி வைத்ததாகத்தான் இருக்கும், இரும்பு வைத்ததை உள்ளேயிருந்து எடுத்து வரச் சொல்ல வேண்டும். பழையதைத் தூக்கிப் போடும் முன் அதன் வலது பக்க பேனல், ஸ்க்ரூக்கள், ஃபேன் எல்லாவற்றையும் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கு என்றாவது அந்த பேனல் தேவைப்படும்.